முறத்தில் உருண்ட மூன்று பிஸ்டன்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எந்த இடத்தில் புள்ளி, எந்த இடத்தில் சுழி என்பதெல்லாம் அன்றைக்கே குழப்பம். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து மணி ஆகிவிட்டது, இதில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேனே தவிர, இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். செய்த காரியத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற இந்த வியாதி எனக்கு அந்த யூபோனியம் வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்துதான்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். முன்னறை பட்டறை. பின்னறையில் குடித்தனம். என் வீட்டுக்காரர் பாண்டு வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர். கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊதிக்கொண்டு போவார்களே, அந்த டிரம்பெட், கார்னெட், வயிறு பெருத்த யூபோனியம் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவற்றில் பாதிக்கு மேல், வெள்ளைக்காரப் பட்டாளங்கள் கலைந்தபோது கைமாறி வந்தவை. எங்களைவிட வயதில் மூத்தவை. முகூர்த்த மாதம் முடிந்ததும் தி.நகர், சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் நசுங்கியும் மூட்டு விட்டும் வந்து சேரும். உத்திரத்தில் கயிறு கட்டி மாட்டி வைப்பார். காற்று அடித்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்து உள்ளே ஓடுவேன்.

ஆமாம், ஓடுவேன். வெளி ஆள் யார் வந்தாலும் எனக்கு முகம் கொடுத்துப் பேச வராது. ஆணானாலும் பெண்ணானாலும் அப்படித்தான். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒடுக்கு எடுப்பது அவர் வேலை. குழாய்க்குள் இரும்புக் குண்டை விட்டு, வெளியிலிருந்து மரச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நசுங்கின இடம் மெல்ல மேலே எழும்பும். விட்டுப்போன மூட்டுக்கு ஈயத்தை உருக்கிப் பற்று வைப்பார். கழுவுவதும் துலக்குவதும் என் வேலை. புளி, செங்கல் தூள், எலுமிச்சைத் தோல். பித்தளைக் குடம் துலக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் பிஸ்டனுக்கு மட்டும் தனி மரியாதை.

பிஸ்டன் என்றால் விரலால் அழுத்த அழுத்த மேலும் கீழும் போய் வருகிற உருளை. யூபோனியத்தில் மூன்று இருக்கும். உருளையில் ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டையும் குழாயின் வாயும் நேருக்கு நேர் நின்றால்தான் ஊதுகிறவன் மூச்சு மறுபக்கம் போகும். மூன்றும் பார்க்க ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே இருக்கும், ஆனால் ஓட்டை விழுந்த இடம் வேறு வேறு. ஒன்றின் கூட்டில் இன்னொன்றைப் போட்டால் தடங்கல் இல்லாமல் இறங்கிவிடும். மூச்சு மட்டும் போகாது. அதனால்தான் ஒவ்வொன்றின் தோளிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வெட்டியிருப்பார்கள். பிஸ்டனில் செங்கல் தூள் படக்கூடாது, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் இட வேண்டும், கழற்றியதும் முறத்தில் இடமிருந்து வலமாக வரிசையாக வைக்க வேண்டும். இதெல்லாம் அவர் போட்ட சட்டம். பிஸ்டனைக் கழற்றுவதும் திரும்பப் போடுவதும் என் பொறுப்பு. அதில் அவர் கை வைக்கவே மாட்டார்.

அந்த யூபோனியம் பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தது. கொண்டு வந்தவள் மீன் விற்கிற அம்மாள். தலையில் கூடை, இடுப்பில் வாத்தியம். அவள் புருஷன் மாதா கோயில் பாண்டில் அதை ஊதுகிறவர். அவருக்கு அதை விட்டுப் போனது அவருடைய அப்பா. அதனால் அவள் அந்த வாத்தியத்தை மாமனார் என்றே சொல்லுவாள்.

"நைனா, எங்க மாமனாரை இட்டாந்துகீறேன். படியில உருண்டுட்டாரு. வயிறெல்லாம் அடி. திருநாளுக்குள்ள எழுப்பி வுட்டுடு."

என் வீட்டுக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடி மட்டும் இல்லம்மா, இங்க பாரு, மூட்டும் வுட்டுகீது. பித்தளை காயிதம் மாதிரி ஆயிப்போச்சு. வயசு இன்னா இருக்கும் இதுக்கு?"

"அது அவரையே கேளு. எங்க வூட்ல யாரு வயசும் யாருக்கும் தெரியாது."

திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் பாண்டு போகும். யூபோனியம் சரியாகாவிட்டால் வெளியிலிருந்து வாத்தியத்தோடு ஒரு ஆளைக் கூப்பிடப் போவதாகப் பாண்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். ஒரு தடவை வெளி ஆள் வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டால் அப்புறம் இவருக்கு அந்த இடம் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கேலியை விட்டுவிட்டாள். "இது இல்லன்னா அந்த மனுசன் எதுக்கும் ஆவமாட்டாரு யக்கா" என்று கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் ராஜ்யம் என்ற பேர் போய்த் தமிழ்நாடு என்று பலகை மாறின சமயம். அறுபத்தொன்பதாக இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம்.

ஒரு வாரம் போல என் வீட்டுக்காரர் அதோடு மல்லாடினார். ஒடுக்கெல்லாம் எடுத்தாயிற்று. பிஸ்டன் கூடுகளுக்குப் பக்கத்தில் விட்டுப்போன மூட்டுக்கும் பற்று வைத்தாயிற்று. அப்புறம் கழுவ என்னிடம் வந்தது. பிஸ்டன்களின் தோள்பக்கத்தில் பச்சையாகக் களிம்பு ஏறி இருந்தது. மண்ணெண்ணெய்க்கு அது போகவில்லை. உருளையில்தானே தூள் படக்கூடாது, தோளில் பட்டால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு புளியையும் செங்கல் தூளையும் வைத்து அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. முறத்தில் வரிசையாக வைத்து முற்றத்து வெயிலில் காய வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "யக்கா! மாமனாரு எப்டி கீறாரு? கஞ்சி குடிக்கிறாரா?"

பட்டறையில் அவர் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். கூடையோடு அவள் நேரே முற்றத்துக்கே வந்துவிடுவாள் போல இருந்தது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். நிலைப்படியில் கால் இடித்தது. மூன்று பிஸ்டன்களும் முறத்துக்குள் உருண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தன.

எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். எண் இல்லை. பழைய வெட்டு, தேய்ந்து தேய்ந்து மயிரிழையாக இருந்திருக்கிறது. களிம்போடு அதையும் நான் துலக்கிவிட்டேன்.

அவள் வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன், விளக்கைப் போட்டேன், திரும்ப ஜன்னலுக்கு வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. உருளும்போது எது முன்னால் போயிருக்கும் என்று யோசித்து, ஒரு குத்துமதிப்பில் போட்டு மூடியைத் திருகிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வாயில் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது. இன்னொரு தடவை ஊதினார், முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை.

"ஏம்மே, பிஸ்டன் நெம்பர் பாத்துதானே போட்ட?"

"பாத்துதான் போட்டேன்."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாகிப் போனது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் அழுதாவது சொல்லியிருப்பேன். நான் பார்த்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டால் பிஸ்டனில் தப்பு இருக்காது என்பது அவருக்கு முடிந்துபோன விஷயம். அப்படியானால் தப்பு தன் கையில் என்று எடுத்துக்கொண்டார். பற்று வைத்தபோது ஈயம் உள்ளே ஓடி வழியை அடைத்துவிட்டது என்றார்.

இரண்டு நாள் அந்த வாத்தியத்தை விட்டு நகரவில்லை. சூடு காட்டிப் பார்த்தார். தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கையைக் கழுவினார். நான் சமையலறைக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு தடவை தண்ணீர்ச் சொம்போடு போனேன். ஒரு தடவை விளக்குமாற்றோடு போனேன். சொல்ல வேண்டியதைத் தொண்டைக்குக் கொண்டு வந்து, அவர் நிமிர்ந்து பார்த்ததும், "சாம்பார் வெக்கட்டா, ரசம் போதுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

"இன்னாத்துக்கு இப்டி குறுக்கயும் நெடுக்கயும் போய்க்கினு கீற? ஒரு எடத்துல உக்காரேன்" என்றார்.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் அந்த அம்மாள் வந்தாள். வாத்தியத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மாமனாருக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

"சாயங்காலம் வாம்மா."

"சாயங்காலம் வந்தா பேசுவாரா? அங்க ஒருத்தன் வடபழனில இருந்து வரேன்னு சட்டைய இஸ்திரி போட்டுக்கினு கீறானாம்."

"வாம்மான்றேன்ல."

அவள் போனதும் அவர் எழுந்து சட்டை மாட்டினார். மெல்லிசு ரம்பம் வேண்டும், தனக்குத் தெரிந்த ஒரு பழுதுக்காரர் வடபழனியில் வைத்திருக்கிறார், வாங்கி வருகிறேன் என்றார். "கூட்டாண்ட அறுத்துப் பாக்கறதத் தவிர வேற வழி இல்ல. அறுத்தா திரும்ப ஒட்டும், ஆனா பழைய சத்தம் வராது. காயிதத்த அறுத்து ஒட்டினா மாதிரிதான்." பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். நான் வாசல் வரை போனேன். கூப்பிடவில்லை.

திரும்பி வந்து பட்டறைக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். பிஸ்டன்களைக் கழற்றினேன். விரல் படும் காம்பில் ஒன்றுக்கு மஞ்சள் நூல், ஒன்றுக்கு வெள்ளை நூல், ஒன்றுக்குக் கறுப்பு நூல் கட்டினேன். மூன்று பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்தால் எத்தனை விதமாக மாற்றிப் படுக்க வைக்கலாம் என்று யோசித்துக் கோலமாவால் தரையில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஆறு வந்தது. ஒன்று ஏற்கெனவே தப்பு. மீதி ஐந்து.

ஆனால் ஊதினால்தானே தெரியும்? அதுவரை நான் ஒரு வாத்தியத்தையும் வாயில் வைத்ததில்லை. பெண்பிள்ளை ஊதுவதாவது. அதிலும் வேறொரு ஆண்பிள்ளை எச்சில் பட்டது. வாயில் வைக்கிற மவுத்பீஸைப் புளி போட்டுக் கழுவினேன், வெந்நீரில் கழுவினேன், திரும்பப் புளி போட்டேன். அப்புறமும் கை ஓடவில்லை. அவர் இந்நேரம் எந்த ஸ்டாப்பில் இருப்பார் என்று மனசு அங்கேயே போனது. கண்ணை மூடிக்கொண்டு, அடுப்புக்கு ஊதாங்குழலால் ஊதுவது மாதிரி ஊதினேன்.

மூச்சு திரும்பி என் மூக்குக்கே வந்தது. மாற்றிப் போட்டேன். அதுவும் அடைப்பு. மூன்றாவதில் கொஞ்சம் போனது மாதிரி இருந்தது, ஒரு பிஸ்டனை அழுத்தினதும் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூடி திருகி, ஸ்பிரிங் விழாமல் பிடித்து... கை வியர்த்து வழுக்கியது. நாலாவதாக மஞ்சள் முதல், கறுப்பு நடுவில், வெள்ளை கடைசி. ஊதினேன். எங்கேயும் முட்டாமல் மூச்சு போயிற்று. வாத்தியத்தின் அகன்ற வாயில் இடது கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சூடாகக் காற்று. ஒவ்வொரு பிஸ்டனாக அழுத்தினேன். போயிற்று. மூன்றையும் அழுத்தினேன். அதுவும் போயிற்று.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காற்றுப் போனால் சத்தம் வந்துவிடுமா? சத்தம் வந்தால்தானே சரி? பாண்டுக்காரர்கள் உதட்டை இறுக்கி, எச்சில் துப்புவது மாதிரி துடிக்க விடுவதைக் கதவிடுக்கில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தேன்.

எருமை கத்தின மாதிரி ஒரு சத்தம். உத்திரத்தில் மாட்டியிருந்த வாத்தியமெல்லாம் கூடச் சேர்ந்து அதிர்ந்தது.

பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏன்டீம்மா, உன் ஆத்துக்காரர் வெளியில போறதைப் பார்த்தேனே! ஆத்துல யாருடீ ஊதிண்டிருக்கா?"

"யாரும் இல்ல மாமி."

"யாரும் இல்லாம தானா ஊதறதா? நன்னா இருக்கே!"

மாமி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. சரியாகத்தான் வந்ததா, இல்லை பயத்தில் எனக்கு அப்படிக் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைத் தாங்க முடியாமல் இன்னொரு தடவை ஊதினேன். இந்தத் தடவை நீளமாக வந்தது.

அந்தச் சத்தத்தை அவர் சந்து முனையிலேயே கேட்டுவிட்டார். கதவைத் தட்டினார். திறந்தேன். ரம்பத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். தரையில் கோலமாவுப் புள்ளி, பிஸ்டன்களில் நூல், என் வாயைச் சுற்றிப் பித்தளை வட்டம். எல்லாவற்றையும் பார்த்தார்.

"நீயா ஊதின?"

தலையை ஆட்டினேன்.

"மாறிப்போச்சா?"

"கீழ வுழப்போயி உருண்டுடுச்சு. நெம்பரையும் நாந்தான் தேச்சுட்டேன்."

"பாத்துப் போட்டேன்னியே."

அவர் ரம்பத்தை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறினது இன்னா பெரிசு? யாருக்கும் மாறும். ரெண்டு நாளா என் கைய நான் நம்பாம கெடந்தேனேமே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்புறம் எழுந்து வந்து வாத்தியத்தை வாங்கி ஊதினார். கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு சுரமாக ஏற்றினார். அந்த வயதான பித்தளையிலிருந்து அப்படி ஒரு சத்தம். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீ ஊதினது எருமை, இது பசு" என்றார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

கூரான ஊசி ஒன்றை எடுத்து நீட்டினார். "நெம்பரை அழிச்சவதான் போடணும். கோடாவே போடு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

பிஸ்டன்களைக் கழற்றி முறத்தில் வைத்து நான் கீறத் தொடங்கினேன். அதற்குள் வாசலில் குரல். "நைனா! சந்து முழுக்கச் சொல்றாங்க, மாமனாரு பேசினாராமே! பக்கத்தூட்டு ஐயிரு வூட்டம்மா, பொம்பள கொரல்ல பேசினாருன்றாங்க!" கூடையை இறக்கிவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் புருஷன். முதல் தடவையாக அப்போதுதான் அவரைப் பார்த்தேன். ஒல்லியாக, பேசாதவராக, வேட்டி நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஓட இடம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மூன்றிலும் கோடு கீறினேன். நூலைப் பார்த்து அந்தந்தக் கூட்டில் போட்டேன், நூலை அறுத்தேன், மூடியைத் திருகிக் கொடுத்தேன். அந்த மனிதர் அங்கேயே நின்று ஊதிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா இரு யக்கா, மாதா ஒனக்குக் கண்ணத் தொறப்பா" என்றாள். கை மீன் வாசனை.

மறுநாள் சப்பரம் பார்க்கப் போனோம். நானாகக் கேட்டுப் போனது அது ஒன்றுதான். பாண்டு வந்தது. எல்லா வாத்தியத்துக்கும் அடியில் அந்த யூபோனியம் கேட்டது. அவள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்து, "யக்கா, பாரு எங்க மாமனாரு நடக்கிற நடைய!" என்று என் தோளில் அடித்தாள். அந்த மனிதர் தன் இடத்தில் நின்று ஊதிக்கொண்டு போனார். எனக்கென்னவோ ஒவ்வொரு சுரத்துக்கும் இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்றே இருந்தது. திருப்பத்தில் பாண்டு மறைகிற வரைக்கும் நிற்க முடியவில்லை. வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் அது உறைத்தது. நூலைப் பார்த்துத்தான் கூட்டில் போட்டேன், அது சரி. ஆனால் கோடு? அவள் உள்ளே வந்த அவசரத்தில் எந்த நூலுக்கு ஒரு கோடு போட்டேன்? மஞ்சளுக்குத்தானா? முறம் அப்போது என் பக்கம் திரும்பி இருந்ததா, அவர் பக்கமா? அவரிடம் சொன்னேன், இந்தத் தடவை உடனே சொன்னேன். "அடுத்த தபா வரும்போது பாத்துக்கலாம்" என்றார். அது அடுத்த தடவை வரவே இல்லை. கொஞ்ச வருஷத்தில் குப்பத்தில் பாதிப் பேர் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த அம்மாளும் எங்கள் சந்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பட்டறை இருந்த வரைக்கும் மூடி திருகின வாத்தியம் ஒவ்வொன்றையும் நான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் போய்விட்டார். பிஸ்டன் விஷயத்தில் கடைசி வரை அவர் என்னை மறுபடி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதைப் படிக்கிற யாருக்காவது அந்தக் கடலோரத்துப் பாண்டு வீடுகள் தெரிந்திருந்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள். வயிற்றில் ஒடுக்கு எடுத்த தடமும், பிஸ்டன் கூட்டுக்குப் பக்கத்தில் ஈயப் பற்றும் உள்ள பழைய யூபோனியம் ஒன்று எந்த வீட்டுப் பரணிலாவது இருந்தால், மேல் மூடியைத் திருகிப் பாருங்கள். மவுத்பீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்டனின் தோளில் ஒரு கோடு, நடுவில் இரண்டு, கடைசியில் மூன்று இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும், இருந்தும் மூச்சு போகாவிட்டாலும் என் கோட்டை நம்பாதீர்கள். ஊதிப் பார்த்து, மூச்சு போகிற இடத்தில் போட்டு, என் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக எண் வெட்டுங்கள். அது அறுபத்தொன்பதா எழுபதா என்பதையும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று நூலை மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.